மாத்திரை நாள்

போன மாதம் தர்மபுரிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். எடை பார்த்தார்கள், இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள், மூன்று மாதத்துக்கான டப்பாக்களை ஒரே தடவையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் எதிர் டீக்கடையில் காலை இட்லிகூடத் தீரவில்லை. நல்ல ஏற்பாடுதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் படியில் நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிட்டால் மனுஷி எங்கே போய் உட்காருவது?

ஆஸ்பத்திரி வரிசைக்கு ஏங்குகிற பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஹெச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவள் எதற்கெல்லாமோ ஏங்கலாம், வரிசைக்கா ஏங்குவாள் என்று கேட்பீர்கள். அந்த வரிசையில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

அப்போதெல்லாம் மாதாமாதம் போக வேண்டும். நாங்கள் அதை மாத்திரை நாள் என்போம். எங்கள் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒரு புங்கமரத்தை ஒட்டி இருந்தது. மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. வெளி கேட் வரைக்கும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வருகிற பெண்கள், அந்தப் புங்கமரத்துக்கு வந்ததும் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஊர் முழுக்க மூடிய முகம், அந்த ஒரு பெஞ்சில் மட்டும் திறந்த முகம். அங்கே மறைக்க என்ன இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே கதை, புருஷன்மார் மட்டும் வேறு வேறு.

பெஞ்சில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் யாருடைய பெயரையும் கேட்க மாட்டோம். பெயர் தெரிந்திருந்தால் என்றைக்காவது பஸ் ஸ்டாண்டில் வாய் தவறிக் கூப்பிட்டுவிடுவோம், பக்கத்தில் இருப்பவர்கள் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்பார்கள், அப்புறம் பதில் தேட வேண்டும். அதனால் ஊர்ப்பெயர்தான். நான் மாரண்டஹள்ளி. ரயிலில் வருகிற சின்னப் பெண் ஒருத்தி, அவள் மொரப்பூர். எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசுகிறவள் ஏரியூர்க்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருக்கலாம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம், ஒரே மகன். மகனுக்கு அப்பா மஞ்சள்காமாலையில் செத்தார் என்றுதான் தெரியும்.

என் கதை பெரிய கதை இல்லை. தாத்தா காலத்தில் நிலம் இருந்த கிறிஸ்தவக் குடும்பம், என் காலத்தில் கூலிக் குடும்பம். கல்யாணமாகி மகளுக்கு மூன்று வயது ஆகும்போது கணவர் படுத்தார். அவருக்குப் பரிசோதனை செய்தபோதுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. அவர் போன பிறகு என் ஓரகத்தி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி, என் தட்டையும் டம்ளரையும் ஜன்னல் மேல் தனியாக வைத்தாள். என் சோப்பைத் தனியாக வைத்தாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவர்கள் வீட்டு மானமும் சேர்ந்து போகுமே. நான் மகளைக் கூட்டிக்கொண்டு தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் ஒரு அறைக்கு வந்துவிட்டேன். மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. காயைத் தனியாக, பழத்தைத் தனியாக, அடிபட்டதைத் தனியாக.

தட்டைத் தனியாக வைத்தவளை விட்டு வந்தேனே தவிர, அந்தப் பழக்கத்தை விட்டு வரவில்லை. அது என்னோடு வந்துவிட்டது. நானே என் டம்ளரைத் தனியாக வைத்தேன். மகள் தூங்கும்போது சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். கன்னத்தில் முத்தம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் படித்துப் படித்துச் சொன்னார். புத்திக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. என்னை யாரும் தொட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. என் உடம்பை நான் அடிபட்ட பழத்தோடு சேர்த்துப் போட்டிருந்தேன்.

ஒரு மாத்திரை நாளில் ஏரியூர்க்கா என் தலையைப் பார்த்துவிட்டு, "ஏ மாரண்டஹள்ளி, தலையில என்னா சந்தை வெச்சிருக்க? இங்க வா" என்று இழுத்தாள்.

"வேண்டாங்கக்கா, ஒண்ணும் இல்ல" என்றேன்.

"நீ சொறியறத நான் பாத்துகிட்டுதான் இருக்கேன். குனி."

மடியில் தலையைச் சாய்த்துவிட்டாள். இரண்டு கையாலும் முடியைப் பிரித்துப் பேன் பார்க்கத் தொடங்கினாள். அவள் விரல் என் மண்டையில் பட்ட அந்த நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. வெட்கமாக இருந்தது. பேன் பார்த்ததற்கு அழுகிறவளை யார் பார்த்திருக்கிறார்கள்? அவள் ஒரு பேனை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேனு ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் கெழவி" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. எங்கள் டோக்கன் எண் வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் பெஞ்சுக்குப் போனதும் நானே குனிந்துவிடுவேன். தலையில் ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வெளியே எங்கும் பேச முடியாததெல்லாம் அந்த பெஞ்சில் பேசினோம். வெள்ளைப்படுதல், தள்ளிப்போன தீட்டு, உறை போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிற புருஷன். மொரப்பூரின் கஷ்டம் வேறு. அவள் புருஷனுக்கும் இருக்கிறது, இவளுக்கும் இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவன் மாடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். "திட்டுனாக்கூடப் பரவால்லக்கா. மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறாரு" என்று ஒரு நாள் சொன்னாள்.

ஏரியூர்க்கா எங்களைச் சுற்றிப் பார்த்தாள். "ஏண்டி, உங்களுக்கெல்லாம் ஆச வர்றதில்லையா?"

மொரப்பூர் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது போல் பாவனை செய்தேன்.

"ஓடாத, உக்காரு. எனக்கு வருது. நோவு வந்தா ஆச செத்துரும்னு எந்த டாக்டரு சொன்னாரு? எனக்கு வருது, யாருகிட்ட சொல்றது? எங்க வூட்டு மாட்டுகிட்டயா?"

ஜன்னலுக்குள்ளிருந்து நர்ஸம்மா, "சத்தம் போடாதீங்கம்மா" என்றார். அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான், எனக்கும் வருகிறது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லையே என்று தோன்றியது. அடுத்த மாதம் சொன்னேன். காதில்தான் சொன்னேன்.

வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டு வருகிறோம் என்பதும் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் மண்டி முதலாளியிடம், மகளுக்குக் கண் காட்டப் போகிறேன் என்பேன். மொரப்பூர் தையல் வகுப்பு என்று சொல்லுவாள், இத்தனை வருஷத்தில் ஒரு பாவாடைகூடத் தைத்துக் காட்டவில்லை. ஏரியூர்க்கா மட்டும் தன் பொய்யைச் சொல்ல மாட்டாள். "நல்ல பொய்யா ஒண்ணு வெச்சிருக்கேன். சொன்னா ஒனக்குக் கோவம் வரும்" என்பாள். எனக்கு எதற்குக் கோபம் வர வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை.

அவர் வந்தது அந்த நாட்களில்தான். மண்டியிலிருந்து ஓசூருக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வண்டிக்காரர். மனைவியை இழந்தவர், எங்கள் கோயிலைச் சேர்ந்தவர். தலையில் முடி அதிகம் இல்லை, வாயில் பேச்சும் அதிகம் இல்லை. பெட்டி ஏற்றும்போது என் பெட்டிகளை மட்டும் மெதுவாக வைப்பார். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது மண்டியில் விலை கூவுகிற கன்னடக்காரர், அதுவும் எல்லோர் முன்னாலும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டபோது, காலிப் பெட்டிகளின் நடுவில் நின்றுகொண்டு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூசி மெழுகவில்லை. அவர் ஒரு வாரம் கண்ணில் படவில்லை. அந்த வாரம் நான் பிரித்த தக்காளியில் காயும் பழமும் கலந்து போய் முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அப்புறம் ஒரு மத்தியானம் வந்து, "உங்க டாக்டருகிட்ட நானும் ரெண்டு வார்த்தை கேக்கலாங்களா?" என்றார்.

கவுன்சிலர் மேடம் அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே இருந்தால், உடலுறவில் கணவருக்குப் பரவாது. எனக்கு அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் ஆணுறை போட்டுக்கொள்வதில் தப்பில்லை என்றார். வண்டிக்காரர் காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே வந்ததும் ஏரியூர்க்கா மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம், "முடிதான் கொறச்சல். மத்ததெல்லாம் இருக்கும்" என்றாள்.

ஆனால் எங்கள் சபையில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு பூசையில், இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பாதர் வாசிப்பார். பாதரிடம் நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம். மாப்பிள்ளைக்குத் தெரிந்து அவர் மனதார ஒப்புக்கொண்ட பிறகு இது தடை இல்லை என்றார். எனக்குப் பயம் பாதரை நினைத்து இல்லை, என் ஓரகத்தியை நினைத்துத்தான். குழாயடியில் என்னைப் பார்த்து அவள் சொன்னாள்: "எங்க வூட்டுல வாழ்ந்துட்டு, இன்னொருத்தன் வூட்டுக்குப் போறியா? போ. ஓலை வாசிக்கட்டும். மூணு வாரம் இருக்குதுல்ல?"

அவள் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் நின்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், மண்டியில் நான் தொட்ட தக்காளியை எவனும் வாங்க மாட்டான், பள்ளிக்கூடத்தில் என் மகள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இவ்வளவு வருஷம் மூடி வைத்த முகம் ஒரு வார்த்தையில் திறந்துவிடும். முதல் ஞாயிறு போனது. இரண்டாம் ஞாயிறு ஓலை வாசிக்கும்போது, முன்வரிசையில் இருந்த ஓரகத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. நான் அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டது மாத்திரை மட்டும்தான்.

நல்லவேளையாக நடுவில் மாத்திரை நாள் வந்தது. ஏரியூர்க்காவிடம் சொல்லி அழுதேன்.

"எப்போ, இந்த ஞாயித்துக்கெழமையா? நான் வரேன்."

"நீங்க வந்து என்னக்கா பண்ணுவீங்க?"

"அவ எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். ஒனக்குன்னு கேக்க ஒரு ஆளு வேணாமா?"

ஏரியூரிலிருந்து மாரண்டஹள்ளிக்கு வருவது லேசான காரியமில்லை. பென்னாகரம், தர்மபுரி, பாலக்கோடு என்று பஸ் மாறி மாறி வர வேண்டும். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு சலசலப்பு. திரும்பினால் ஏரியூர்க்கா. பச்சை நிறப் பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் அகலமான குங்குமம். விதவைக்கு ஏன் பூ, ஏன் பொட்டு என்று எவராவது கேட்டால் சண்டைக்குப் போகிறவள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கடைசிப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் எழுந்தால் எழுந்தாள், முழங்காலிட்டால் அவளும் முழங்காலிட்டாள்.

அறிவிப்பு நேரம் வந்தது. அன்றைக்கு இரண்டு ஓலை. முதலில் வேறொரு ஜோடி. அடுத்தது எங்களுடையது. பாதர் என் பெயரையும், விதவை என்பதால் என் முதல் கணவர் பெயரையும், இவருடைய பெயரையும் வாசித்தார். தடை அறிந்தவர்கள் என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் ஓரகத்தி தரையில் கையூன்றி எழுந்தாள்.

மகளின் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான், பல வருஷத்துக்குப் பிறகு நானாக அவள் கையைப் பிடிக்கிறேன் என்று தெரிந்தது.

அப்போது கடைசிப் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "சாமீ."

மொத்தக் கோயிலும் பின்னால் திரும்பியது.

"எங்க புள்ள ஓலைய இன்னும் வாசிக்கலீங்களே சாமீ? காலைல இருந்து காத்துகிட்டு இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெயர் அவளுக்குத் தெரியாது. என் முதல் கணவர் பெயரோ இவர் பெயரோ தெரியாது. கண்ணெதிரே ஓலை வாசித்தும், அது யாரோ இரண்டு பேர் என்று நினைத்துவிட்டாள். எவளோ தடை சொல்லி என் ஓலையை நிறுத்திவிட்டாள் என்று முடிவு கட்டிச் சண்டைக்கு எழுந்துவிட்டாள்.

பாதர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் புள்ளைம்மா?"

"அந்தா உக்காந்திருக்குதே, மாரண்டஹள்ளி."

"இங்க இருக்கிறவங்க எல்லாருமே மாரண்டஹள்ளிதாம்மா" என்றார் பாதர். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி ஆண்கள் பக்கம் வரைக்கும் போனது. ஏரியூர்க்கா அசரவில்லை, கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அவங்க ஓலையத்தானே இப்ப வாசிச்சேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அதுவரைக்கும் சிரிப்பு. இந்தக் கேள்விக்கு நான் மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எங்கே பழக்கம் என்று யோசித்து ஒரு வார்த்தை அவள் உளறினால், ஓரகத்திக்கு வேலையே இல்லை.

"அக்காங்க சாமீ" என்றாள் ஏரியூர்க்கா.

"அக்காவா? தங்கச்சி பேரு தெரியாத அக்காவா?" என்று யாரோ ஒரு பெரியவர் ஆண்கள் பக்கமிருந்து கேட்டார்.

ஏரியூர்க்கா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க வூட்டுல ஒரு பேரு, கோயில்ல ஒரு பேருன்னு வெச்சுக்கறீங்க. எனக்கு எப்படிங்க தெரியும்?"

கோயிலே அதிர்ந்தது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று. அடுத்த வீட்டுக்காரனுக்கு ஓலை வாசித்தால்தான் அவன் பெயரே தெரியும் என்கிற நிலைமை. அது நியாயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது போல் சிரித்தார்கள். பாதர், "சரி, உங்களுக்காக இன்னொரு தடவை வாசிக்கிறேன்" என்று என்னைக் கையால் காட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். ஏரியூர்க்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக் கேட்டாள். தடை என்ற சொல் வந்தபோது சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

ஓரகத்தி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் சிரித்துக்கொண்டே அவள் முந்தானையை இழுத்து, "நீ ஏன் நிக்கற? உனக்கும் வாசிக்கணுமா?" என்றாள். ஓரகத்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்காக எழுந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கால் மரத்துப் போய்க்கூட எழுந்திருக்கலாம்.

பூசை முடிந்து வாசலில் ஏரியூர்க்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "இதானா உன் பேரு?" என்று ஒரு தடவை என் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்க்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு ஒத்து வரல. மாரண்டஹள்ளியே இருக்கட்டும்" என்றாள். உங்கள் பெயர் என்ன என்று நான் கேட்டேன். "எதுக்கு, ஓலை வாசிக்கவா?" என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டாள்.

கல்யாணம் நடந்தது. பயம் உடனே போகவில்லை. இவர் கை என் தோளில் பட்டாலே கட்டையாகிப் போவேன். கவுன்சிலர் கொடுத்த உறைப் பெட்டி அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒரு நாள் அழுதுவிட்டேன். இவர் பதறவில்லை. "அதனால என்ன, காப்பி போடறேன் இரு" என்று அடுப்படிக்குப் போனார். சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் குடித்தோம்.

மண்டிக்கு விடுமுறை விட்ட ஒரு மத்தியானம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், வெளியே நல்ல மழை. இவர் தரையில் படுத்திருந்தார். என்ன தோன்றியதோ, இவர் தலையை மடியில் எடுத்து வைத்துப் பேன் பார்க்க ஆரம்பித்தேன். பேன் பிழைக்க வழியில்லாத தலை அது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏரியூர்க்கா என் தலையில் செய்தது போலவே, மெதுவாக, அவசரமில்லாமல் தடவிக்கொண்டே இருந்தேன். என் விரலுக்குத் தொடத் தெரிந்திருந்தது. அந்த மத்தியானம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். உடம்பு இவ்வளவு சந்தோஷப்படும் என்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. முதல் கணவரோடு இருந்தபோதுகூடத் தெரியாது.

அடுத்த மாத்திரை நாளில் ஏரியூர்க்கா என் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன், மொரப்பூர் கையைப் பிடித்து இழுத்தாள், நர்ஸம்மா வெளியே வந்து "இன்னைக்கு என்ன?" என்று கேட்டார். அந்தச் சிரிப்புதான் இன்னும் என் காதில் இருக்கிறது. என் வாழ்க்கையில் என் சந்தோஷத்துக்காக ஒரு கூட்டமே சிரித்தது அன்றைக்குத்தான்.

கொரோனா வந்தபோது கூட்டம் சேரக்கூடாது என்று மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. எனக்கு ஒரு மாதம், அவளுக்கு வேறு மாதம். மொரப்பூர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், புருஷனும் கூடப் போனான், இப்போது கீழேதான் படுக்கிறானாம். ஏரியூர்க்காவோடு போனில் பேசுவேன். மருமகள் பக்கத்தில் இருந்தால் மழை பெய்ததா, தக்காளி என்ன விலை என்பாள். தனியாக இருந்தால், "ஒடம்ப டாக்டர் பாத்துக்குவாரு. நீ எப்படி இருக்க?" என்பாள்.

போன வருஷம் ஒரு நாள் அவள் எண்ணிலிருந்து அவள் மகன் பேசினான். காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து அம்மா தவறிவிட்டாள், போனில் மாரண்டஹள்ளி என்று இருந்தது, அதனால் சொல்கிறேன் என்றான். அவளைக் கொண்டுபோனது நாங்கள் சாப்பிடுகிற மாத்திரைக்கான நோய் இல்லை. அழுகைக்கு நடுவிலும் எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது.

இவரும் நானும் பஸ் மாறி மாறிப் போனோம். ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலி என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதே கனகாம்பரம், அதே அகலமான பொட்டு. கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர். நின்று இரண்டு தடவை படித்தேன். அழகான பெயர். எனக்கும் ஒத்து வரவில்லை.

பந்தலில் ஒரு பெரியவர், "நீங்க என்ன முறை வேணும்?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "நீங்கதான் மாரண்டஹள்ளி அக்காங்களா? உங்களப் பத்தி அத்தை பேசாத நாளே இல்லீங்க. உங்களுக்காகத்தானே மாசாமாசம் தர்மபுரிக்குப் போனாங்க."

எனக்காகவா என்றேன்.

"அவ ஒரு சீக்காளி, அவளுக்கு யாருமில்ல, நான் போய் பக்கத்துல உக்காந்தாத்தான் மாத்திர வாங்குவான்னு சொல்லுவாங்க. எவளோ ஒருத்திக்காக இவ்ளோ தூரம் போகணுமான்னு எங்க வூட்டுக்காரரு சத்தம்கூடப் போடுவாரு. அதெல்லாம் கேக்க மாட்டாங்க, கெளம்பிருவாங்க."

எனக்குக் கோபம் வரும் என்று அத்தனை வருஷம் அவள் சொல்லாமல் வைத்திருந்த பொய் இதுதான். தன் நோயை என் தலையில் கட்டிவிட்டு, ஜம்மென்று பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அழுதுகொண்டிருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். துக்கத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று நினைத்து அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைச் சீக்காளி என்று தெரிந்து வைத்திருக்கிறவள், கொஞ்சமும் யோசிக்காமல் பிடித்தாள்.

"இப்ப ஒடம்பு எப்படிங்கக்கா இருக்கு?"

"நல்லா இருக்கேம்மா" என்றேன். "உங்க அத்தை வந்ததாலதான் நல்லா இருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே உங்களுக்குத் துணைக்கு யாருங்கக்கா வருவா?"

பந்தல் ஓரத்தில் என் செருப்பையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த இவரைக் காட்டினேன். மருமகளுக்குத் திருப்தியாக இருந்தது. "அப்ப அத்தைக்குக் கவல இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.